வழிகாட்டி நூலும் வாய்ச்சொல்லும்

(மாரிகுப்பத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இத்தகைய மேடைகளில் இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். அரசியல் பேச வல்லவர்களும் இருக்கிறார்கள். யாமோ மெட்ரிகுலேஷன் தேறிய கையோடு இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராய் அமர்ந்து, கணக்குப் புத்தகத்திலும் பயணச்சீட்டிலும் காலத்தைக் கழித்து வருபவர். எம்மை அழைத்துப் பயண நூல்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சற்றே வியந்தோம். பிறகு எண்ணிப் பார்த்தபோது அதில் பொருத்தம் இருப்பதாகவே தோன்றியது. நூல் எழுதுவோர் வழியைத் தாளில் சொல்கிறார்கள். யாம் அதைச் சாளரத்தின் வழியே சொல்கிறோம். இடையே ஒரு கம்பிவலை இருப்பதுதான் வேற்றுமை.

அந்தச் சாளரத்துக்கு வருவோர் எல்லாரும் சீட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போவதில்லை. "திருவண்ணாமலைக்குப் போகவேண்டும், எங்கே மாறவேண்டும் ஐயா?" என்பார் ஒருவர். பங்காருப்பேட்டை, சோலையார்பேட்டை, காட்பாடி என்று சொல்லி முடிப்பதற்குள், "அங்கே போனால் தங்க இடம் உண்டா? நடை எப்போது சாத்துவார்கள்? மலை சுற்ற எத்தனை நாழிகை ஆகும்?" என்று அடுத்தடுத்துக் கேள்விகள் எழும். பின்னால் நிற்போர் முணுமுணுப்பார்கள். "எங்கள் பாட்டனார் வடார்க்காட்டுப் பக்கம் என்று சொல்வார்கள், ஊர்ப்பெயர் மட்டும் நினைவிருக்கிறது, அது எந்த நிலையத்துக்கு அருகில்?" என்று கேட்போரும் உண்டு. அப்போதெல்லாம் எம் மேசையறையில் நல்லதொரு தமிழ் வழிகாட்டி நூல் இருந்தால் எடுத்து நீட்டலாமே என்ற எண்ணம் எழும். அத்தகைய நூல்கள் தமிழில் இல்லாமல் இல்லை. இருப்பதை இருக்கிறதென்று நான்கு பேரிடம் சொல்ல ஆள் இல்லை. இன்று யாம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நூலைப் பரப்புவது பதிப்பாளர் வேலை, விற்பது கடைக்காரர் வேலை, படிப்பது மட்டுமே நம் வேலை என்று நாம் எண்ணியிருக்கிறோம். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்றொரு பழமொழியையும் துணைக்கு அழைத்துக் கொள்கிறோம். பூவின் மணம் தெருமுனை வரை வருவதற்கும் காற்று ஒன்று வேண்டியிருக்கிறதே! நூலுக்கு அந்தக் காற்று படித்தவர் வாய்ச்சொல்தான்.

வாய்ச்சொல்லின் வலிமை நம் ஊராருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கும்பினியார் இங்கே சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் திரள் திரளாய் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் செய்தித்தாளில் விளம்பரம் கண்டு வந்திருப்பர்? எழுதப் படிக்க அறிந்தோரே மிகச் சிலர். மாமன் சொன்னான், மைத்துனன் சொன்னான், சந்தையில் கண்ட ஊர்க்காரன் சொன்னான். மூட்டை கட்டிப் புறப்பட்டார்கள். 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்தப் பவுரிங்பேட்டையே இன்றைய பங்காருப்பேட்டை. அதன்பின் வந்தவர்கள் வண்டியில் வந்தார்கள்; ஆயினும் அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டது ஒருவர் வாய்ச்சொல்லே.

அந்த வாய்ச்சொல் இரு வகையாய் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஆளுக்கு இவ்வளவு என்று தரகு பெற்று ஆள் சேர்த்தவர்கள், தங்கம் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கிறது என்று சொன்னார்கள். இங்கே வேலை செய்து, விடுமுறைக்கு ஊர் சென்ற உறவினரோ, கூலி கைக்கு வருகிறது, குடியிருக்கக் குடிசை உண்டு, ஆனால் கீழே அனல் காய்கிறது, பாறை வெடித்துச் சரிகிறது, கல்தூசி நெஞ்சில் படிகிறது என்று உள்ளதை உள்ளவாறு சொன்னார்கள். தரகரை நம்பி வந்தவன் சுரங்கத்தின் வாயிலில் ஏமாந்து நின்றான். உறவினரை நம்பி வந்தவன் இன்னது இருக்கும் என்று அறிந்தே வந்தான். அறிந்து வந்ததனால் நிலைத்தான். இருவரும் வாய்ச்சொல் கேட்டவர்களே. ஒரு சொல்லுக்குப் பின்னால் தரகு இருந்தது. மற்றதற்குப் பின்னால் பட்டறிவு இருந்தது. நூலைப் பற்றி நாம் சொல்ல வேண்டிய சொல் எந்த வகையைச் சேர்ந்ததாய் இருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமக்குக் கிடைக்கவில்லை.

படிப்போர் துணையால் அச்செழுத்து வாழ்ந்த வரலாறும் இந்த மண்ணிலேயே உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம், விலை ஒரு பைசா, புதன்கிழமைதோறும் வெளிவந்தது. அடுத்த ஆண்டே படிப்போர் விருப்பத்திற்கிணங்கப் பெயரில் இருந்த 'ஒரு பைசா' நீங்கித் 'தமிழன்' ஆயிற்று. ஓர் இதழின் பெயரையே மாற்றும் அளவுக்கு அதைப் படித்தவர்கள் அதைத் தம்முடையதாகக் கருதினார்கள் என்றால், அவர்களை வெறும் சந்தாதாரர் என்று சொல்லலாமா? நம் மாரிகுப்பத்தில் அமைந்த பௌத்த சங்கத்தாரும் தங்கவயல் அன்பர்களும் அவ்விதழுக்குத் தூணாய் நின்றார்கள். படித்து முடித்து மூலையில் போடவில்லை; ஐயம் தோன்றியபோது எழுதிக் கேட்டார்கள்; விடை இதழில் வந்தது. 1914-இல் பண்டிதர் மறைந்தார். சில காலத்துக்குப்பின் இதழும் நின்றது. அதை 1926-இல் மீண்டும் எழுப்பியது சென்னைப் பட்டணமா? இல்லை, இங்கே சாம்பியன் ரீப்ஸில் இருந்தல்லவா ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மறுபடியும் வெளிவந்தது! பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்த புத்தகசாலையும் தங்கவயலில் இருந்ததே. பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள் மாலையில் விளக்கடியில் கூடி, ஒருவர் படிக்கப் பலர் கேட்டு, கேட்டதை மறுநாள் சுரங்கக் கூண்டில் இறங்கும்போது பிறருக்குச் சொல்லி வளர்த்த எழுத்து அது. அந்த மரபில் வந்த நாம், ஒரு நல்ல நூலைப் பற்றி இரண்டு சொல் சொல்ல நாணுவதில் பொருள் இல்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்னரே கையொப்பமிட்டுத் துணை நின்ற அன்பர்களின் பொருளுதவி பெரிதும் கைகொடுத்தது. கையொப்பம் இட்டவர்கள் அச்சான பக்கத்தைக் கண்ணால் காணாதவர்கள். ஐயரை அறிந்த ஒருவர் சொன்ன சொல்லை நம்பி இட்டார்கள். சொன்னவர் பொய்யராய் இருந்திருந்தால் அடுத்த நூலுக்கு ஒருவரும் கையொப்பம் இட்டிருக்க மாட்டார்கள் அல்லவா?

இனிப் பயண நூல்களுக்கு வருவோம். கோயமுத்தூர் சே. ப. நரசிம்மலு நாயுடு அவர்கள் 1886-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குச் சென்ற பயணத்தை அடிப்படையாகக் கொண்டு 'ஆரியர் திவ்வியதேச யாத்திரையின் சரித்திரம்' என்னும் பெருநூலை எழுதி 1889-இல் வெளியிட்டார். இருப்புப்பாதை வந்த புதிதில் தமிழன் ஒருவன் வடநாடு சுற்றி வந்து, பின்வருவோர்க்குப் பயன்படுமாறு எழுதிய நூல் அது. ஏ. கே. செட்டியார் உலகெல்லாம் சுற்றி, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடித் தொகுத்து, 1940-இல் அதைத் திரைப்படமாக வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் பெற்றார். பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968-இல் 'தமிழ்நாடு' என்னும் தொகுப்பாக அளித்தார். சோமலெ மாவட்டம் மாவட்டமாகச் சென்று செய்தி திரட்டி நூல்களாக்கினார். இவர்கள் பெயரை இன்று நம் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். பிள்ளைகள் மேல் பிழையில்லை, நாம் சொல்லவில்லை.

எம் மனத்துக்கு மிக நெருங்கிய நூல் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் எழுதிய 'வேங்கடம் முதல் குமரி வரை'. அரசு வருவாய்த் துறையில் பணியாற்றி மாவட்ட ஆட்சித்தலைவராய் உயர்ந்த அவர், போன ஊரிலெல்லாம் கோயிலையும் சிலையையும் தேடிப் பார்த்தவர். தஞ்சையில் 1951-இல் கலைக்கூடம் உருவானதற்கும் அவரே காரணர். 'கல்கி'யில் தொடராக வந்த கட்டுரைகள் பின்னர்ப் பல பகுதிகளாய் நூலாயின. முதற்பகுதிக்கு அவர் இட்ட தலைப்பு 'பாலாற்றின் மருங்கிலே' என்பது. பாலாறு எங்கோ வேலூரில் தோன்றுவதன்று. நந்திமலைப் பக்கம் பிறந்து நம் பேத்தமங்கலம் ஏரியை நிறைத்துக்கொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. தங்கவயல் குடித்த தண்ணீர் பேத்தமங்கலத்துத் தண்ணீர் அல்லவா! ஆகவே அந்த நூலைத் திறக்கும் தங்கவயல் தமிழர், தாம் குடித்த ஆற்றின் கரையோடு நடந்து தம் பாட்டன் ஊர் சேரலாம். யாம் இதைச் சொன்னபோது எம் அலுவலக நண்பர் ஒருவர் அந்நூலைத் தேடிப் படிக்கலானார். விளம்பரத் தாளில் ஆயிரம் சொல் அச்சிட்டாலும் இந்த ஒரு செய்தி அதில் வந்திராது. யாருக்கு எது தொடர்பு என்பது பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

அந்நூலில் எமக்குப் பிடித்தது, ஆசிரியர் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது போன்ற நடை. எந்த நிலையத்தில் இறங்குவது, எத்தனை மைல் வண்டியில் செல்வது, கோயிலுக்குள் எந்த மண்டபத்தில் நின்று எதை நிமிர்ந்து பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே போவார். இடையில் ஒரு கதை சொல்வார். கதை சற்று நீண்டால் பொறுத்துக் கொள்ளலாம்.

நூலின் நிறையைச் சொன்ன வாயால் குறையையும் சொல்லவேண்டும். அது எழுதப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தூரம் மைலில் இருக்கிறது. வடார்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாயிற்று. அதில் ஒரு பாதியான வேலூர் 2019-இல் மூன்றாயிற்று. மாயவரம் 1982-இல் மயிலாடுதுறை ஆயிற்று. மீட்டர் பாதைகள் அகலப் பாதைகளாய் மாறின. திருவாரூர், காரைக்குடி வழித்தடம் அகலப் பாதையாக்கும் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2019-இல்தான் மறுபடியும் முழுமையாய்த் திறந்தது. 1964-க்கு முன் எழுதிய ஒருவர் தனுஷ்கோடிக்கு ரயிலில் போகலாம் என்று எழுதியிருந்தால் அது அன்றைக்கு மெய். அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் அந்தப் பாதையும் ஊரும் கடலோடு போயின. பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப்பாலமே திறந்துவிட்டார்கள். எனவே பழைய நூலைக் கையில் கொடுக்கும்போது, "கோயிலுக்கும் சிலைக்கும் இதை நம்பு, வண்டிக்கும் நேரத்துக்கும் எங்கள் நிலையத்தில் வந்து கேள்" என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். சொல்லாமல் கொடுத்தால், போனவன் பாதி வழியில் நின்று நூலையும் ஏசுவான், கொடுத்தவரையும் ஏசுவான். இரண்டு வசவுகளும் நியாயமானவையே.

குறை சொன்னால் நூல் விற்காது என்று அஞ்சுவோர் உண்டு. மேனாட்டு வரலாற்றைப் பாருங்கள். இலண்டனில் ஜான் மரே என்னும் பதிப்பாளர் ஐரோப்பிய நாடுகளுக்கு வழிகாட்டி நூல்கள் வெளியிட்டார். 1859-இல் சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கும் அவ்வாறு ஒன்று வெளிவந்தது. இவ்வகை நூல்களின் முன்னுரையிலேயே, பயணம் செய்வோர் பிழை கண்டால் எழுதி அனுப்புக என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. படித்தவர்கள் எழுதினார்கள், அடுத்த பதிப்பு திருந்தியது, திருந்திய பதிப்பை அவர்களே வாங்கிப் பிறருக்கும் சொன்னார்கள். செருமானியரான கார்ல் பெடேக்கரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மிலான் நகரத்துப் பெருங்கோவிலின் கூரைக்குப் படியேறும்போது, இருபது படிக்கு ஒருமுறை சட்டைப்பையில் இருந்த பட்டாணி ஒன்றை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டே போனாராம். இறங்கும்போது திருப்பிப் போட்டுச் சரிபார்த்தாராம். கதை முழுதும் மெய்யோ அன்றோ, பெடேக்கர் என்ற பெயரே வழிகாட்டி நூலுக்குப் பெயராகிப் போனது மெய். படி எண்ணியவன் நூலைப் படி எண்ணாதவன் வாயால் புகழ்ந்தால் பொருந்துமா?

இக்காலத்தில் புகழ்ச்சி மலிந்துவிட்டது. கையடக்கத் தொலைபேசியைத் திறந்தால் உணவகத்துக்கு ஐந்து விண்மீன், விடுதிக்கு ஐந்து விண்மீன், செருப்புக்கும் ஐந்து விண்மீன். போகாதவர் எழுதுகிறார், வாங்காதவர் மெச்சுகிறார், எழுதுவதற்குக் கூலி பெறுவோரும் உண்டு. இது முற்றிப்போனதனால்தான் 2022 நவம்பரில் நடுவண் அரசு, இணையவழி நுகர்வோர் கருத்துரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் ஒன்றை வெளியிட்டது, ஐ.எஸ். 19000 என்பது அதன் எண். ஒருவர் ஒரு பொருளைப் பற்றிச் சொல்வது மெய்யா என்பதற்குத் தரமுத்திரை வேண்டிய காலம் வந்துவிட்டது! தரகர்கள் பெருகிய இடத்தில் உறவினர் சொல்லுக்கு விலை ஏறும். நம் சொல்லின் விலையை நாமே குறைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின் நம்மில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் மாரிகுப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையமாய் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது. போகவும் வரவும் நாள்தோறும் சில மணி நேரம் ஒரே பலகையில் அதே முகங்கள். இதைவிடச் சிறந்த வாசகர் மன்றம் எந்த ஊரில் உண்டு? அங்கே சீட்டாடுகிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், உறங்குகிறார்கள். குறை சொல்லவில்லை, உழைத்தவனுக்கு உறக்கம் வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாள், "போன மாதம் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போனோம், இந்த நூலில் சொன்னபடி கைலாசநாதர் கோயிலை முதலில் பார்த்தோம், சிற்றறைகளில் பழைய ஓவியத்தின் எச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தது, இருந்தது, சாப்பாட்டு விடுதி பற்றி எழுதியது மட்டும் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் போதும். போனது, பார்த்தது, சரியாய் இருந்தது, சரியில்லாதது. இதற்கு மேல் புகழ்ச்சி வேண்டியதில்லை. கேட்பவருள் ஒருவர், "அந்த நூல் எங்கே கிடைக்கும்?" என்பார். அவரே அடுத்தவருக்குச் சொல்வார்.

எல்லாருக்கும் எல்லா நூலையும் சொல்லுவதும் பயனற்றது. கால் தளர்ந்த மூதாட்டிக்கு மலைக்கோட்டை வழிகாட்டியைப் பரிந்துரைப்பது அன்பாகாது. கோயிலுக்குப் போகாத தோழருக்குத் தலபுராணம் மிகுந்த நூலைத் திணித்தால் அடுத்த முறை நாம் சொல்லும் நல்ல நூலையும் தொடமாட்டார். ஆளறிந்து சொல்லவேண்டும். பதிப்பாளரோ ஆசிரியரோ நமக்கு உறவினராய் இருந்தால், "எனக்கு வேண்டியவர் எழுதியது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அச்சொல் நூலின் மதிப்பைக் குறைக்காது. மறைத்துப் பின்னர்த் தெரிந்தால்தான் குறையும். இரவல் கொடுப்பது நல்லதே. என்றாலும் ஒரே படியை நாற்பது பேர் இரவல் வாங்கினால் நாற்பது பேர் படித்ததாகும், ஒரு படி விற்றதாகும். மறுபதிப்பு எதைக் கொண்டு வருவது? நூலகத்தில் வாங்குமாறு எழுதிக் கொடுக்கலாம். பள்ளிப் பரிசுக்குக் கோப்பையும் கிண்ணமும் கொடுக்கும் இடத்தில் நூலைக் கொடுக்கலாம். தொண்டைமான் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. கணினி வழியே விலையின்றிப் படிக்கலாம். ஆகையால், "காசில்லை" என்னும் மறுமொழி அந்நூலைப் பொறுத்தவரை செல்லாது.

இன்னொரு பணியும் நமக்கென்றே காத்திருக்கிறது. 'வேங்கடம் முதல் குமரி வரை' என்றால் எல்லை தலைப்பிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அந்த எல்லைக்கு மேற்கே நாம் இருக்கிறோம். கோலாரின் பழம்பெயர் குவளாலம். கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1905-இல் ரைஸ் துரை வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால் தமிழ்க் கல்வெட்டுகளின் தொகை வியப்பளிக்கும். பள்ளியில் நாம் நெட்டுருப் போட்ட நன்னூலைப் பவணந்தியாரைக் கொண்டு இயற்றுவித்த சீயகங்கன், கல்வெட்டுகளில் குவளாலபுரத்துக்கு உரியவன் என்று பெயர் பூண்டவன். பங்காருப்பேட்டையில் மாறினால் கோலாருக்கு வண்டி இருக்கிறது. முன்னர்ச் சிறிய பாதையாய் இருந்தது, இன்று அகலப் பாதை. கோலாரம்மனைக் கும்பிட்டு வந்த நம்மவரில் எத்தனை பேர் சுவரில் இருந்த எழுத்து தம் எழுத்தின் பழைய வடிவம் என்று அறிந்து வந்தார்கள்? இதையெல்லாம் சொல்லும் கையடக்கமான தமிழ் நூலை இங்குள்ள இளைஞர் எழுதினால் அதற்கும் முதல் வாசகர் நாமாகத்தான் இருக்கவேண்டும். அப்போதும் பிழை கண்டால் பிழை என்றே சொல்வோம்.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். அடுத்துப் பிள்ளைகளின் நாடகம் இருக்கிறது. ஒரு வேண்டுகோளோடு அமர்கிறோம். சங்கப் படிப்பறையில் மேசைமேல் ஒரு குறிப்பேடு வைக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார். இவ்வாண்டு எங்கேனும் பயணம் போய் வந்தவர்கள், எந்த நூலைக் கொண்டு போனீர்கள், எந்தப் பக்கம் உதவிற்று, எந்தப் பக்கம் காலங்கடந்து விட்டது என்று நாளும் பெயரும் இட்டு அதில் எழுதி வையுங்கள். புறப்படுமுன் அதைப் புரட்டிப் பாருங்கள். வண்டி நேரம் மட்டும் வேண்டுமானால் சாளரத்துக்கு வாருங்கள்; கூட்டம் குறைந்த வேளையாய் இருந்தால் நலம்.